கொங்கு நாட்டில் ஒரு வாரம்: இருவர், ஒரு கார், மூன்று ஆறுகள்

"சென்னையிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் காரில் கிளம்புகிறோம். கையில் ஒரு வாரம். ஊட்டி, கொடைக்கானல் வேண்டாம். எனக்குப் பழைய கோயில், கல்வெட்டு என்றால் உயிர். அவருக்குப் பச்சை வயலுக்கு நடுவே வண்டி ஓட்டினால் போதும். இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி கொங்குப் பக்கம் ஒரு வழி சொல்ல முடியுமா?" இதுதான் உங்கள் கேள்வி.

முடியும். கொங்கு நாட்டில் நீங்கள் இருவரும் கேட்பவை ஒரே சாலையில்தான் கிடக்கின்றன. ஒன்று மட்டும் செய்ய வேண்டும். சேலத்திலிருந்து கோவைக்குப் போகும் நெடுஞ்சாலையை ஊருக்குள் நுழையவும் ஊரை விட்டுக் கிளம்பவும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரமெல்லாம் ஆற்றைப் பார்த்து வழியைத் தேர்ந்தெடுங்கள். பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேற்கே மலையில் பிறந்து கிழக்கே ஓடிக் காவிரியில் சேர்கின்றன. தண்ணீர் எட்டிய இடத்தில் அணைக்கட்டு, வாய்க்கால், நெல், மஞ்சள், கரும்பு. எட்டாத இடத்தில் மேட்டாங்காடு. அங்கே மக்கள் மாட்டையும் கல்லையும் இரும்பையும் தறியையும் பிடித்துக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பார்க்கிற ஒவ்வொரு ஊரும் ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும்.

முதல் நாள் பெரும்பாலும் வண்டியிலேயே கழியும். அதிகாலையில் கிளம்பினால் பிற்பகல் மூன்று, மூன்றரைக்குச் சங்ககிரி வந்துவிடலாம். சாலையிலிருந்தே மலைக்கோட்டை தெரியும். தீரன் சின்னமலையை ஆங்கிலேயர் 1805-இல் தூக்கிலிட்டது இந்தக் கோட்டையில்தான். கால் வலு இருந்தால், வெயில் தாழ்ந்த பிறகு முதல் இரண்டு மூன்று வாயில்கள் வரை ஏறிப் பாருங்கள். உச்சி வரை ஏற அரை நாள் வேண்டும். நெடுந்தூரம் ஓட்டி வந்த உடம்புக்கு அது வேண்டாம். பக்கத்திலேயே திருச்செங்கோடு இருக்கிறது. அர்த்தநாரீசுவரர் மலைக்கு வாகனப் பாதை உண்டு, ஆனாலும் படிவழியில் பாறையிலேயே நீளமாகச் செதுக்கிய நாகமும் அதையொட்டிய அறுபதாம்படியும் பார்க்கத் தக்கவை. சங்ககிரி, செங்கோடு இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆணும் பெண்ணும் பாதிப் பாதியாக ஓருருவில் நிற்கும் சாமியைக் கணவன் மனைவியாகப் போய்ப் பார்ப்பது எங்கள் பக்கத்தில் விசேஷம் என்பதால், என் ஓட்டு செங்கோட்டுக்கு.

இரவுக்கு ஈரோடு வசதி. காவிரிக்கு அக்கரையில் இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரில் ஒரு கோழி வறுவல் உண்டு. வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, அவ்வளவுதான். மசாலாத் தூள் கிடையாது. அதைப் பிறந்த இடத்தில் சாப்பிடுங்கள்.

இரண்டாம் நாள் காலையை முழுசாகப் பவானிக்குக் கொடுங்கள். கூடுதுறையில் பவானியும் காவிரியும் சேர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அமுத நதி ஒன்றும் சேர்வதாக ஐதீகம். சம்பந்தர் பாடிய திருநணா இதுவே. கொங்கில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு: பவானி, அவிநாசி, திருமுருகன்பூண்டி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடல். உங்கள் வழியில் நான்கு தானாகவே வந்துவிடும். ஏழையும் முடித்தே தீருவேன் என்று கிளம்பாதீர்கள். அப்புறம் அது சுற்றுலாவாக இருக்காது.

சங்கமேசுவரர் கோயிலில் வேதநாயகி அம்மனுக்கு ஒரு தந்தக் கட்டில் உண்டு. 1804-இல் கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ கொடுத்தது. அவர் பவானியில் தங்கியிருந்த ஓர் இரவில் மழை கொட்டியது. ஒரு சிறுமி வந்து எழுப்பி வெளியே கூட்டிப் போனாளாம். அவர் வெளியே வந்ததும் மாளிகை இடிந்து விழுந்தது, சிறுமியைக் காணவில்லை. கோயிலுக்குள் வர முடியாத அவர் அம்மனைப் பார்க்க மதிலில் மூன்று துளைகள் போட்டுக் கொடுத்ததாகவும் சொல்வார்கள். அந்தத் துளைகளைக் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்கள். அமாவாசை நாளில் மட்டும் இங்கே வராதீர்கள். தர்ப்பணம் கொடுக்க வருவோரின் கூட்டம் படித்துறையை அடைத்துவிடும். ஆடிப் பதினெட்டுக்குப் புதுமணத் தம்பதிகள் தாலிக் கயிறு மாற்ற வருவார்கள். அந்தக் கூட்டம் வேறு மாதிரி, அழகாக இருக்கும், ஆனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

கோயிலை விட்டு வந்ததும் ஜமக்காளம் நெய்யும் வீதியைத் தேடிப் போங்கள். தரையில் குழி வெட்டி, அதில் கால் வைத்து மிதிக்கும் குழித்தறி. சிவப்பு, பச்சை, நீலம் என்று பட்டை பட்டையாக வண்ணம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் சந்தையில் அதே பெயரில் விசைத்தறிச் சரக்கே நிறைய. விலை பாதி என்றால் அது தறிக்காரர் கையில் நெய்தது அல்ல. கூட்டுறவுச் சங்கக் கடையிலோ நெய்கிறவர் வீட்டிலோ வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். குழித்தறியில் ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து எழுவதைப் பத்து நிமிடம் பார்த்தால் உங்களுக்கே பேரம் பேச வாய் வராது.

இந்தப் பயணத்தில் நான் அதிகம் வற்புறுத்துகிற இடம் அடுத்து வருகிறது. பவானி ஆறு காவிரியில் விழுவதற்குச் சற்று முன்பு காலிங்கராயன் அணைக்கட்டு. பூந்துறை நாட்டைச் சேர்ந்த காலிங்கராயன் அணை கட்டி வாய்க்கால் வெட்டி முடித்தது 1283-இல் என்பார்கள். வாய்க்காலின் நீளம் சுமார் 90 கிலோமீட்டர். ஈரோட்டைத் தொட்டு, காவிரிக்கு இணையாக வளைந்து வளைந்து போய், கொடுமுடிக்குப் பக்கத்தில் ஆவுடையார்பாறையில் நொய்யலைச் சேர்கிறது. பவானியையும் நொய்யலையும் எழுநூற்றுச் சொச்சம் வருசத்துக்கு முன்பே இணைத்துவிட்ட வாய்க்கால் இது. இன்றும் மஞ்சளும் நெல்லும் வாழையும் இதில்தான் விளைகின்றன. ஒரு பாம்பு ஊர்ந்து வழி காட்டியதாகவும், அது போன தடத்திலேயே வெட்டியதாகவும் ஊரில் கதை. உங்கள் வீட்டுக்காரருக்குப் பொறியியலில் ஆர்வம் இருந்தால் அந்த வளைவுகளைக் காட்டுங்கள். மேட்டைச் சுற்றிக்கொண்டு, சரிவு மாறாமல், வேகம் தணித்துத் தண்ணீரைக் கொண்டுபோகும் சூட்சுமம் அதில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்வார்கள். ஊர் நன்மைக்கு வெட்டியதைத் தன் குடும்பத்துக்காக வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று, தானும் தன் வம்சமும் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை எனச் சத்தியம் செய்து, பொள்ளாச்சிப் பக்கம் ஊற்றுக்குளிக்குக் குடிபெயர்ந்தார் காலிங்கராயன். அந்த ஊருக்கு ஆறாம் நாள் பக்கத்தில் போகப் போகிறீர்கள். தை மாதம் 5-ஆம் தேதி விவசாயிகள் வாய்க்காலில் பூப்போட்டு அவரை நினைக்கிறார்கள்.

கொடுமுடி வரை வாய்க்காலோடு போக மனமிருந்தால் ஈரோட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம். சுந்தரர் "நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே" என்று பாடியது அங்கேதான். கே. பி. சுந்தராம்பாள் பிறந்த ஊரும் அதுவே. ஆனால் அதற்குப் போய்த் திரும்பினால் அன்றைய பிற்பகல் போய்விடும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேற்கே திரும்புவேன்.

மேற்கே பவானி ஆற்றை எதிர்த்துப் போகும் சாலை கவுந்தப்பாடி வழியாகக் கோபிக்குப் போகிறது. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைக்குப் பேர்போனது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு இங்கிருந்து சர்க்கரை போகிறது. கரும்பாலை ஓடும் பருவத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு முன்பே மணம் வந்துவிடும். சாலையோரம் கொப்பரையில் பாகு காய்ச்சும் கொட்டகை கண்ணில் பட்டால் நிறுத்துங்கள். "ஏனுங்க, எந்த ஊருங்க? வாங்க, வந்து குடிங்க" என்று ஒரு டம்ளர் கருப்பஞ்சாறு நீட்டாமல் விடமாட்டார்கள்.

கோபிச்செட்டிபாளையம் உங்கள் வீட்டுக்காரருக்கான ஊர். நெல்வயல், தென்னை, வாழை, பட்டுப்பூச்சிக்கு வளர்க்கும் மல்பெரித் தோட்டம், பின்னால் நீலமாக மலை. இங்கே எத்தனையோ படங்கள் எடுத்ததால் இந்தச் சாலைகளைப் பார்க்கும்போது எங்கோ பார்த்த மாதிரி இருக்கும். அருகே கொடிவேரி அணை. கொங்காள்வான் என்னும் சிற்றரசன் 1125-இல் கட்டியதாகச் சொல்லப்படும் தடுப்பணை இது. ஆறு முழு அகலத்துக்கும் கல் வரம்பில் தவழ்ந்து விழும். அதன் கீழே நின்று குளிக்கலாம். இருபுறமும் இரண்டு வாய்க்கால்கள் பிரிந்து கோபிப் பக்கத்து வயலை நனைக்கின்றன. கரையில் சுடச்சுட மீன் வறுத்துத் தருவார்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் குளிக்க இடம் கிடைக்காது. வார நாளில், காலையிலேயே போங்கள். தண்ணீர் அதிகம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள்; தடை என்றால் கேட்டுத் திரும்பிவிடுங்கள், அந்தப் பாறைகள் வழுக்கும்.

வருசத்தில் எப்போது வருவது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விடுவது வழக்கம். அதன்பின் வயலெல்லாம் ஒரே பச்சை. மழை முடிந்து, வெயில் ஏறுவதற்கு முன்பு, மார்கழியும் தையும் இந்தப் பயணத்துக்குச் சரியான காலம். மஞ்சள் வெட்டும் பருவமும் அப்போது தொடங்கும். சித்திரை, வைகாசியில் காங்கயம் பக்கம் வண்டியை விட்டு இறங்கவே முடியாது.

மூன்றாம் நாள் சத்தியமங்கலம் வழியாகப் பவானிசாகர். எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் நீளும் மண் அணை, 1955-இல் கட்டி முடித்தார்கள். அணையின் வயிற்றுக்குள் டணாயக்கன் கோட்டை கிடக்கிறது. ஒய்சளத் தண்டநாயகர்கள் காலத்துக் கோட்டை. நீர்மட்டம் மிகக் குறைந்த வறட்சி ஆண்டுகளில் உள்ளே இருக்கும் மாதவப் பெருமாள் கோயில் வெளியே தலைகாட்டும். அப்போது சுற்றுவட்டாரமே திரண்டு பார்க்க வரும். அணையிலிருந்து கிளம்பும் கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகிறது. அடுத்த இரண்டு நாளும் அதை நீங்கள் பாலத்தில் பலமுறை கடப்பீர்கள். கரையில் கசியும் தண்ணீர்தான் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்று என்பதால், அதற்குக் காங்கிரீட் தளம் போடுவது பற்றி விவசாயிகளுக்குள்ளேயே பெரும் வாக்குவாதம் நடந்தது. டீக்கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

பண்ணாரி தாண்டித் திம்பம் மலைப்பாதைக்கு ஆசை வரும். 27 கொண்டை ஊசி வளைவுகள், இரு பக்கமும் புலிகள் காப்பகம். இரவில் போக்குவரத்துக் கட்டுப்பாடு உண்டு. சோதனைச் சாவடியில் நேரத்தைக் கேட்டுக்கொண்டு, பகலில் மட்டும் ஏறி இறங்குங்கள். நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிடலாம்.

புளியம்பட்டி வழியாக அவிநாசிக்குத் தெற்கே இறங்குங்கள். வியாழக்கிழமையாக இருந்தால் புளியம்பட்டிச் சந்தையில் மாடும் ஆடும் கைமாறுவதைப் பார்க்கலாம். அவிநாசியில் சுந்தரர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரெதிர் வீடு இரண்டு. ஒன்றில் பூணூல் கல்யாணம், ஒன்றில் அழுகை. அழும் வீட்டில் அதே வயதுப் பிள்ளையைச் சில வருசத்துக்கு முன்பு குளத்தில் முதலை விழுங்கிவிட்டது. சுந்தரர் "எற்றான் மறக்கேன்" என்று பாட, முதலை பிள்ளையைக் கொண்டுவந்து கொடுத்தது, இத்தனை வருச வளர்ச்சியோடு. கோயிலைப் பார்த்துவிட்டு அந்தக் குளத்தையும் போய்ப் பாருங்கள், பலர் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

அங்கிருந்து சில கிலோமீட்டரில் திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரைச் சிவபூதங்கள் வேடர் உருவில் வழிப்பறி செய்த இடம். "எத்துக்கு இங்கிருந்தீர் எம்பிரானீரே" என்று பதிகம் முழுக்க இறைவனிடம் சண்டை போடுகிறார் சுந்தரர். ஆடை பறிக்கிற ஆட்கள் திரியும் ஊரில் நீர் எதற்கு உட்கார்ந்திருக்கிறீர் என்று கேட்கிறார். பதிகத்தைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் இருவரில் ஒருவர் கோயில் திண்ணையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படியுங்கள். காட்டுவழியாக இருந்த அந்தக் காலம் கண்முன் வரும். வெளியே சாலையோரம் நெடுகக் கல்தச்சர் பட்டறைகள், உளிச்சத்தம் ஓயாது. நாடெங்கும் கோயில்களுக்கு இங்கிருந்துதான் சிலை போகிறது. திருப்பூரில் தங்கிக்கொள்ளலாம். மறுநாள் விடியலில் ஊத்துக்குளிச் சாலையை ஒட்டிய நஞ்சராயன் குளத்தில் பறவை பார்க்கலாம். முக்கியமான ஈரநிலங்களுக்கான உலகப் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த நீர்நிலை அது.

நான்காம் நாள்தான் எனக்கு மிகப் பிடித்த நாள், உங்களுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். ஊத்துக்குளியில் வெண்ணெயும் நெய்யும் வாங்குங்கள். காலிங்கராயன் போன ஊற்றுக்குளி வேறு, இது வேறு. அடுத்து விசயமங்கலம். ஊர்க்காரர்கள் நெட்டைக் கோபுரம் என்று சொல்லும் சமணக் கோயில் அங்கே இருக்கிறது, மூலவர் சந்திரப்பிரப தீர்த்தங்கரர். பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் இது. கொங்கில் சமணம் எவ்வளவு ஆழமாக வேர் விட்டிருந்தது என்பதற்கு இந்தக் கோபுரமே சாட்சி. பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் மரியாதையாகக் கேளுங்கள்.

பிறகு சென்னிமலை. முருகன் கோயில் மலைமேல். கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய மலை என்று பக்தர்கள் கொண்டாடுவது. கீழே ஊர் முழுக்கத் தறி. சென்னிமலைப் போர்வை தமிழ்நாட்டில் பாதி வீட்டில் இருக்கும். கொடி காத்த குமரன் பிறந்த ஊரும் இதுவே.

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தில் "கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்" என்று வருகிறதே, அந்தக் கொடுமணம். தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் அகழாய்வைத் தொடங்கியது. பச்சைக்கல், சூதுபவளம், படிகம் போன்ற மணிகளை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும், இரும்பும் எஃகும் செய்த உலைகளும், தமிழி என்னும் பழைய தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானையோடுகளும் கிடைத்தன. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காவிரிக் கரைக்குப் போன பெருவழியில் இருந்த தொழில் ஊர். பச்சைக்கல் அருகே படியூர்ப் பக்கம் வெட்டியது. ரோமாபுரிப் பெண்கள் கழுத்து வரை போன கல்.

நேரில் போனால் காட்சிக்கூடம் எதுவும் இருக்காது. தோண்டிய குழிகளை மூடிவிடுவார்கள். காட்டுக்குள் நடுகற்களும் கல்வட்டங்களும் நிற்கும், அவ்வளவுதான். ஆனாலும் போங்கள். உங்களைப் போலக் கல்வெட்டில் மனம் போகிறவர்களுக்கு, தன் பெயரைத் தன் பானையில் தானே கீறி வைத்துக்கொண்ட சாதாரணத் தொழிலாளிகள் வாழ்ந்த மண்ணில் நிற்பது பெரிய விஷயம். கீழே கிடக்கும் ஓடு, மணி எதையும் எடுக்காதீர்கள்.

அங்கே நின்று நொய்யலையும் பாருங்கள். திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கழிவு பல ஆண்டுகள் இந்த ஆற்றில் இறங்கியது. கீழே ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கே ஆகாமல் போனது. கழிவைச் சுத்திகரிக்காத பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவு போட்ட பிறகே ஓரளவு மாற்றம் வந்தது. நம் எல்லார் பனியனுக்கும் இந்த ஆறு விலை கொடுத்திருக்கிறது. அழகான இடங்களை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு இதை ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

மாலைக்குள் அறச்சலூர் போக முடிந்தால் நாகமலைக் குகையில் தமிழி எழுத்தில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. தத்தகாரம் போன்ற எழுத்துகளை வரிசையாகவும் பத்தியாகவும் எந்தப் பக்கம் படித்தாலும் ஒத்துவருகிற மாதிரி கட்டம் போட்டு வெட்டியிருக்கிறார் ஒருவர். அவர் பெயரும் அங்கேயே உண்டு: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னும் மணியும் நோட்டம் பார்க்கிறவர். கொடுமணலின் மணித்தொழிலைப் பார்த்துவிட்டு இந்தப் பெயரைப் படிக்கும்போது அவர் யாரோ தூரத்து ஆளாகத் தெரியமாட்டார். பக்கத்தில் ஓடாநிலையில் சின்னமலைக்கு மணிமண்டபம் உண்டு. முதல் நாள் சங்ககிரியில் முடிந்த கதை தொடங்கிய இடங்களில் ஒன்று.

ஐந்தாம் நாள் காங்கயம். இங்கே நிலம் மாறிவிடும். தண்ணீர் எட்டாத கொங்கு இதுதான். முள்கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தைக் கொரங்காடு என்போம். உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், நடுவில் காங்கயம் மாடு. மாட்டுக்கு மேய்ப்பவர் வேண்டாம், வேலியே போதும். மண் காய்ந்து கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்க்கும் புல் அது. கன்று பிறக்கும்போது செம்மையாக இருக்கும், மூன்று நான்கு மாதத்தில் மயிலை என்னும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். இரண்டு வேலிகளுக்கு நடுவே ஒரு வண்டி போகும் அளவுக்கு ஓடும் மண்பாதை இட்டேரி. காரைத் தார்ச்சாலையில் நிறுத்திவிட்டு, காலை ஏழு மணிக்கு இருவரும் ஓர் இட்டேரியில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். மயில், கவுதாரி, தேன்சிட்டு, வேலியில் படர்ந்த கோவைக்கொடி. இந்தப் பயணத்தில் எந்த மலையும் இதற்கு ஈடாகாது என்பது என் கருத்து. வேலி தாண்டி உள்ளே போக வேண்டுமென்றால் தோட்டத்துக்காரரைக் கேளுங்கள். காளை பழகாத ஆளைப் பார்த்தால் முறைக்கும்.

சிவன்மலை பக்கத்தில்தான். அங்கே ஆண்டவர் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் ஒருவர் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார், பூப்போட்டுப் பார்த்து உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருள் பெட்டியில் ஏறும். மண், மஞ்சள், தண்ணீர் என்று எதுவும் வரலாம். அடுத்தவர் கனவு வரும் வரை அதுவே இருக்கும். நீங்கள் போகும்போது என்ன இருக்கிறதென்று பார்த்து, அதற்கு ஊர் என்ன பொருள் சொல்கிறது என்று கேளுங்கள்.

தாராபுரம் வரை நேர்ச்சாலை, வண்டி ஓட்டச் சுகம். ஊரில் நிற்கத் தேவையில்லை. அதைத் தாண்டி உடுமலைப் பக்கம் திரும்பினால் இரு பக்கமும் காற்றாலைகள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே வந்து அடிக்கிறது. ஆனி, ஆடியில் கார் கதவைப் பிடித்துக்கொண்டு திறக்க வேண்டும். அமராவதிக் கரையில் கடத்தூர் அருச்சுனேசுவரர் கோயிலையும் கொழுமத்தையும் பாருங்கள். கொங்குச் சோழர் காலக் கல்வெட்டுகள், மருத மரம், ஆறு, ஆளரவமில்லாத பிரகாரம். கல்வெட்டுக்காக வந்தவர் நீங்கள் என்பதால் இங்கே இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் அவர் ஆற்றோரம் மரத்தடியில் ஒரு தூக்கம் போடட்டும். மாலையில் திருமூர்த்திமலை. மலையடிவாரப் பாறையே அமணலிங்கேசுவரர் கோயிலாக இருக்கிறது, ஓடை பக்கத்திலேயே ஓடுகிறது. மழைக்காலத்தில் வெள்ளம் கோயிலுக்குள்ளேயே புகுந்துவிடும், மேலே பஞ்சலிங்க அருவிக்கும் விடமாட்டார்கள்.

உடுமலையிலோ பொள்ளாச்சியிலோ தங்கலாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் தோட்டத்து வீடுகளைத் தங்குவதற்குக் கொடுக்கிறார்கள். ஓர் இரவாவது அப்படித் தங்குங்கள். முன்கூட்டிச் சொன்னால் வீட்டுச் சாப்பாடு கிடைக்கும். அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், காலையில் தேங்காய்ப்பாலோடு சந்தகை. ஓட்டலில் இவற்றைத் தேடி அலைவதைவிட இது மேல்.

ஆறாம் நாள் ஆழியாறு, ஆனைமலை. மாசாணியம்மன் அங்கே படுத்த கோலத்தில் இருக்கிறாள். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசி முறையிடுகிறார்கள். ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வால்பாறை. இந்த முறை ஏறாதீர்கள். வால்பாறைக்குத் தனியாக இரண்டு மூன்று நாள் வேண்டும். ஒரே நாளில் ஏறி இறங்கினால் ஓட்டுகிறவருக்குக் கைவலியும் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைசுற்றலும்தான் மிஞ்சும்.

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். நேராகப் பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலுக்குப் போய்விடுங்கள், நாலரை மணிக்குள் போனால் கனகசபை மண்டபத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். மதுரை நாயக்கர் மரபின் அழகாத்திரி நாயக்கர் 17-ஆம் நூற்றாண்டில் கட்டியது. ஒவ்வொரு தூணிலும் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சிற்பம்: யானையை உரித்துப் போர்த்தும் கஜசம்ஹாரர், அகோர வீரபத்திரர், ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, பிச்சாடனர். மேலே விதானத்தில் கல்லிலேயே கோத்த சங்கிலி. வெளியே சில அடியில் நொய்யல் படித்துறை. கொடுமணலில் பார்த்த அதே ஆறு, மலையை விட்டு இறங்கிச் சற்றுத் தூரம் வந்த நிலையில்.

வண்டி விஷயமாகச் சில. கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டரை, ஒரு மணிக்குச் சாத்தி நாலு மணிக்குத் திறப்பார்கள். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் கிராமச் சாலையில் சோளமும் கொள்ளும் காயப்போட்டிருப்பார்கள், அதன்மேல் ஏற்றலாமா என்று தயங்க வேண்டாம், மெதுவாகப் போங்கள். எங்கள் பக்கத்துத் தனியார் பேருந்துகள் மின்னல் வேகம். பின்னால் ஒலி கேட்டதும் இடது பக்கம் ஒதுங்கி வழிவிடுங்கள், போட்டி போடாதீர்கள். இருட்டிய பிறகு உள்சாலையில் ஓட்ட வேண்டாம், விளக்கில்லாத மாட்டு வண்டியும் கரும்பு லாரியும் வரும். இருவருக்கும் ஓட்டத் தெரியுமென்றால் மாறி மாறி ஓட்டுங்கள், ஸ்டியரிங் பிடித்தவருக்கு வயல் தெரியாது.

ஏழாம் நாள் கோவையில் காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் அவிநாசி, பவானி, சேலம் என்று வந்த நெடுஞ்சாலையிலேயே திரும்பிச் சுமார் 500 கிலோமீட்டர். பெருந்துறையைத் தாண்டும்போது பசி எடுக்கும். அந்த இடத்தில் டிபனுக்கு நிறுத்திவிட்டால் சேலம் வரை நிறுத்த வேண்டியதில்லை.